அம்மாவின் சர்க்கரை இறங்கவே இல்லை: கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு காரணமாக இருக்குமா?

மார்த்தாண்டம் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 57 வயது. குலசேகரம் பக்கத்தில் எங்கள் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். நான் மார்த்தாண்டத்தில் இருந்து ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வருகிறேன். எட்டு ஆண்டுகளாக அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அப்பா இருந்தவரை அது பெரிய தொல்லை தந்ததில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 7-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்தது. 14 மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். அதற்குப் பின் எடுத்த முதல் பரிசோதனையில் 8.2, அடுத்ததில் 8.9, சென்ற மாதம் 9.4 என்று ஏறிக்கொண்டே போகிறது. நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார்; இனியும் இறங்கவில்லை என்றால் இன்சுலின் போட வேண்டியதுதான் என்கிறார். இத்தனை மாதங்களில் அம்மா எப்படித் தூங்குகிறார் என்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டுத் தொழில். அவர் விடியுமுன் வெட்டப் போவார் என்பதால் அம்மா 3 மணிக்கே எழுந்து கட்டன்சாயா போட்டுக் கொடுப்பார். வெளிச்சம் வந்த பிறகு தானும் தோட்டத்துக்குப் போய் மரம் மரமாக நடந்து பால் எடுத்து வருவார். அப்பாவுக்குப் பின் தோட்டத்தை வேறு ஒருவருக்கு வெட்டக் கொடுத்துவிட்டோம். இப்போதும் அம்மா 3 மணிக்கு விழித்துக்கொள்கிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது, அது பழைய பழக்கம்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் குளுக்கோமீட்டரில் பழைய அளவுகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் திடுக்கிட்டேன். பெரும்பாலான அளவுகள் நள்ளிரவுக்குப் பின் எடுத்தவை: 2.50 மணிக்கு 231, மறுநாள் 3.10-க்கு 208, அதற்கடுத்த நாள் 2.35-க்கு 246. கேட்டதற்கு, “நெஞ்சு படபடவென்று அடிக்கிறது மோளே, சுகர் தாழ்ந்து போயிற்றோ என்று பார்ப்பேன்” என்றார். சில நாள்களில் பார்ப்பதற்கு முன்பே பயந்துபோய்ச் சீனி போட்ட சாயா குடித்துவிடுவதும் உண்டாம். பகலில் சரியாகச் சமைப்பதில்லை. முன்பு சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் தவறாமல் இருந்த வீட்டில் இப்போது பேக்கரி ரஸ்க்கும் சாயாவும்தான் பல வேளைகளில் சாப்பாடு. யாருடனும் பேசுவதில்லை. பேரப்பிள்ளைகள் வந்தாலும் சற்று நேரத்தில் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன், அம்மா வாயைக் கட்டுவதில்லை என்று கோபப்படுகிறான். மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று நான் கேட்டதற்கு, அந்த மாத்திரைகளால் சர்க்கரை இன்னும் ஏறும், பிறகு நிறுத்தவே முடியாது என்று மாமா தடுக்கிறார். துக்கம் உண்மையிலேயே சர்க்கரையை ஏற்றுமா, அல்லது நான்தான் அம்மாவுக்குச் சாக்குத் தேடுகிறேனா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பொது மருத்துவர், நாகர்கோவில் (பதில்)

மகளே, நீ சாக்குத் தேடவில்லை. விளக்கத்துக்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. அம்மா வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து எண்ணிப் பார். கடைசியாக வாங்கிய தேதியையும் மீதியையும் ஒப்பிட்டால், எத்தனை நாள் விழுங்கியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். மனச்சோர்வில் இருப்பவர்கள் மாத்திரையை விட்டுவிடுவது மிகச் சாதாரணம்; “போட்டேன்” என்று அவர்கள் சொல்வது பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல, எதையும் விளக்கிச் சொல்லும் தெம்பு இல்லாததால்தான். உங்கள் மருத்துவரோ, எல்லா மாத்திரைகளையும் போட்டும் இறங்கவில்லை என்ற கணக்கில் அளவைக் கூட்டியிருக்கிறார். நாளை முதல் நீயே பக்கத்தில் நின்று, கூட்டிய அளவை முழுவதுமாகத் தவறாமல் கொடுக்க ஆரம்பித்தால், அதுவும் அவர் சரியாகச் சாப்பிடாத நாள்களில், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். உடலை இன்சுலின் கூடுதலாகச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை அதில் இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே எண்ணிய கணக்கோடு முதலில் மருத்துவரைப் பார்த்து, அளவை மறுபடி தீர்மானிக்கச் சொல். இன்சுலின் வேண்டுமா என்பதையும் அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய இயலும்.

அடுத்து, அந்த மீட்டரில் கண்டது. 70-க்குக் கீழே போனால்தான் அது தாழ்வு. 231 இருக்கும்போது அடிக்கும் நெஞ்சு, சர்க்கரை தாழ்ந்ததால் அடிக்கவில்லை, பதற்றத்தால் அடிக்கிறது. இரண்டிலும் வியர்வை, நடுக்கம், படபடப்பு ஒன்றுபோலவே இருப்பதால் நோயாளிக்கு வேறுபாடு தெரியாது. முதலில் அளந்து பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் இனிப்பு. இத்தனை மாதமாக அம்மா பதற்றத்துக்குச் சீனி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி, துக்கம் சர்க்கரையை ஏற்றுமா என்ற கேள்வி. இது புதிய ஐயம் அல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீண்ட துயரம் இந்த நோயைக் கொண்டுவரும் என்று எழுதியிருக்கிறார். இன்று அதன் வழிகள் ஓரளவு தெளிவாகியிருக்கின்றன. மூளையில் ஆபத்துக்கான மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது. தசைகளில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகிறது. காலப்போக்கில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பையும் சேர்க்கிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்தக் கார்டிசோல் முன்னிரவில் நன்றாகத் தணிந்து, விடியும் நேரத்தில் ஏறும். கடுமையான மனச்சோர்வில் பலருக்கு அந்த இரவுத் தணிவு சரியாக நடப்பதில்லை. “ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லையே, பிறகு எப்படி வெறும் வயிற்றில் 190?” என்று குடும்பங்கள் நோயாளியைச் சந்தேகிக்கும் இடம் இதுதான். அந்தச் சர்க்கரை தட்டிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, கல்லீரலிலிருந்தும் வரும். உன் அண்ணனிடம் இதைச் சொல்.

தூக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை நோயே இல்லாத இளைஞர்களுக்குக்கூடச் சில இரவுகள் தூக்கத்தைக் குறைத்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு உடலுக்குள் மெல்லிய அழற்சியும் தொடர்ந்து இருக்கிறது. அதுவும் இன்சுலினுக்கு எதிரியே. ஆனாலும் எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட நான் விரும்பவில்லை. நான் பார்த்த நோயாளிகளை வைத்துச் சொன்னால், விட்டுப்போன மாத்திரையும் குலைந்துபோன சாப்பாட்டு நேரமும் நின்றுபோன நடையும்தான் பெரும்பங்கு. தினமும் மரம் மரமாக நடந்து பால் எடுத்த உடம்பு, சட்டென்று கட்டிலுக்குள் முடங்கிவிட்டது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பதில் தசைக்கு நிகரான இடம் உடலில் வேறில்லை. இவை எல்லாவற்றையும் நோயின் பகுதியாகவே பார்க்க வேண்டும். பிடிவாதம் என்றோ அலட்சியம் என்றோ பார்த்தால் சிகிச்சை தொடங்கவே தொடங்காது.

நம் பேச்சில் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை, வேலைச் சுமைக்கும் இந்த நோய்க்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். அதனால் “யாருக்குத்தான் இல்லை மன அழுத்தம்” என்று இதையும் தள்ளிவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் வெறுமையாக இருப்பது, எதிலும் விருப்பம் இல்லாமை, அதிகாலையில் விழிப்பு, பசி மாறுவது, களைப்பு, தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது ஆகியவை சேர்ந்து வந்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அது மனச்சோர்வு நோய். இதை அறிய 9 கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9 என்ற எளிய படிவம் இருக்கிறது. மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் முறையான பரிசோதனை தேவை. பரிசோதனைக்குப் போகும்போது தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல். தைராய்டு குறைவு மனச்சோர்வைப் போலவே தோன்றும். இரும்புச்சத்துக் குறைந்த சோகை ஹெச்பிஏ1சி அளவைக் கூட்டிக் காட்டலாம். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அதேபோல அதிகச் சர்க்கரையே ஆளைச் சோர்ந்து படுக்க வைக்கும். ஒரு நாள் வழக்கத்தைவிட மயக்கமாக, தாகமாக, வாந்தியோடு இருந்து, அளவும் 300-ஐத் தாண்டினால், மனச்சோர்வு என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோ.

கடைசியாக ஒன்று, இதை நீ கேட்கத் தயங்குவாய் என்று தெரியும். இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அம்மாவிடம் நேரடியாகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். ஆம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதே. மாத்திரைகளும் இன்சுலினும் உன் பொறுப்பில் இருக்கட்டும். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்.

கடலோரத்தான் (பதில்)

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன் நான். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் என் தம்பி கடலில் போனவன், திரும்பி வரவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நான் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. கடலுக்குப் பயம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பயம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை. காலையில் எழுந்து செருப்பைத் தேடிப் போடுவதற்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எடை கூடியது, இரவில் நான்கைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தேன், காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை. அந்தக் காயத்துக்கு மருந்து போடப் போன இடத்தில்தான் சர்க்கரை 340 என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இருந்ததில்லை.

எனக்கு வாய்த்த நல்ல காலம், கட்டுப்போட்ட நர்ஸ் அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்து, “அண்ணா, நீங்கள் கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினீர்கள்?” என்று கேட்டதுதான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவரே மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார். பைத்தியத்துக்குக் கொடுக்கும் மருந்து என்று என் வீட்டிலும் பேச்சு வந்தது. நான் சாப்பிட்டேன். முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது, வேறு பலன் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் தூக்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடவும் கடற்கரையில் ஒரு நடை நடக்கவும் என்னால் முடிந்தது. மனசு மருந்து மட்டும் என் சர்க்கரையை இறக்கவில்லை, சகோதரி. அது என்னை எழுந்து உட்கார வைத்தது. மற்றதை நான் செய்தேன். உங்கள் அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்: என்னையும் வாயைக் கட்டச் சொன்னார்கள், அப்போது எனக்கு மீன்குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் ஒன்றுபோல ருசியில்லாமல்தான் இருந்தன.

தக்கலை மருந்தாளுநர் (பதில்)

உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை இருப்பதால், அதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். மனநல மருந்துகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. ஒலான்சபின், குளோசபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் கணிசமாகக் கூட்டக் கூடியவை. இவை முதன்மையாக வேறு மனநோய்களுக்கானவை. மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளிலும் மிர்டசபின், அமிட்ரிப்டிலின் ஆகியவை பசியையும் எடையையும் கூட்டலாம். ஆனால் இன்று பெரும்பாலும் முதலில் எழுதித் தரும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஃப்ளூஆக்சிடின் சிலருக்குச் சர்க்கரையைச் சற்று இறக்கவே செய்யும் என்பதால், அதைத் தொடங்கும்போது சர்க்கரையை அடிக்கடி அளக்கச் சொல்வார்கள். ஆகவே அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல மருந்து தொடங்கியிருக்கிறது என்று சர்க்கரை மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதால் வரும் தொல்லைகளைத்தான் நான் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு சீட்டுகளையும் ஒரே கவரில் வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நிறுத்தவே முடியாது என்பது சரியல்ல. மனச்சோர்வுக்கான இந்த மருந்துகள் போதைப் பழக்கம் ஏற்படுத்துபவை அல்ல. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். பிறகு மருத்துவர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம். திடீரென்று நிறுத்துவதுதான் கூடாது. பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளவை சில தூக்க மாத்திரைகள். அவற்றைச் சீட்டு இல்லாமல் கேட்டு எங்களைப் போன்ற கடைகளுக்கு வராதீர்கள், யார் கொடுத்தாலும் வாங்கவும் வேண்டாம்.

எங்கே போவது என்றால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவமும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சேவை அது. பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறாமலே இருந்தது தெரியவந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைத்தவரின் மனம் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால்தான் அந்த மாத்திரைக்குப் பலன் உண்டு.

மார்த்தாண்டம் மகள் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி மாத்திரைகளை எண்ணினேன். கடந்த 60 நாளுக்கு வாங்கியதில் 41 நாளுக்கான மாத்திரைகள் அப்படியே இருந்தன. சாயாப்பொடி டப்பாவுக்குப் பின்னால், அட்டைகள் ரப்பர் வளையம் போட்டு ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவே, “உங்கப்பா எடுத்துத் தந்தால்தான் எனக்கு ஞாபகம் வரும்” என்றார். அப்பா இருந்தவரை காலையில் சாயா குடித்ததும் அவர்தான் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

கணக்கைக் காட்டியதும் எங்கள் மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாத்திரையின் அளவைப் பழையபடி குறைத்தார். இன்சுலின் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார். ஹீமோகுளோபினும் தைராய்டும் சரியாக உள்ளன, பி12 குறைவு. மறுவாரம் ஆசாரிப்பள்ளத்தில் காட்டினோம். ஒன்பது கேள்விகளில் அம்மாவுக்கு 18 வந்தது. கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதற்குச் “சில நாள்” என்று அம்மா சொன்னபோது நான் அருகில்தான் இருந்தேன். இப்போது அம்மா என்னோடு மார்த்தாண்டத்தில் இருக்கிறார். மாத்திரைகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. செர்ட்ராலின் தொடங்கிப் பத்து நாளாகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 190-இல் இருந்து 158-க்கு வந்திருக்கிறது. முகத்தில் இன்னும் மாற்றம் தெரியவில்லை, 3 மணி விழிப்பும் நிற்கவில்லை. மருந்து அம்மாவுக்குப் பொருந்தவில்லையோ என்று பயமாக இருக்கிறது. மாற்றிக் கேட்கலாமா?

பொது மருத்துவர், நாகர்கோவில் (பதில்)

இப்போது மாற்ற வேண்டாம். இந்த மருந்துகள் மனத்தில் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். பத்து நாள் போதாது. சர்க்கரை இறங்கியிருப்பது மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டதன் பலன். அதை மனம் தெளிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு கவனிப்பைத் தளர்த்திவிடாதே. சென்னை உட்பட இந்தியாவில் நான்கு சர்க்கரை நோய் மையங்களில் 404 பேரை வைத்து நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், சர்க்கரையையும் மனச்சோர்வையும் ஒரே மருத்துவக் குழு சேர்த்துக் கவனித்த நோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள் என்பதைக் கவனி.

தொடக்க வாரங்களில் பதற்றமோ சாவு எண்ணமோ கூடுவதாகத் தெரிந்தால் மறு சீட்டுத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போ. 3 மணிக்கு விழித்தால், நீயும் எழுந்து மீட்டரை எடுத்துக் கொடு. 70-க்கு மேல் இருந்தால் சீனி இல்லாத கட்டன்சாயாவும் வேண்டாம், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு தம்ளர் வெந்நீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திரு. காலையில் வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் அவரோடு நட. மாத்திரையை அவர் கையில் நீயே எடுத்துக் கொடு.